நுவாலாவின் கடைவாய்ப் பல்

மாலக்கியின் வீட்டில் முன்னறையைத் திறப்பது பாதிரியார் வந்தால், இல்லையென்றால் சாவு விழுந்தால். இன்று கணக்கெடுக்க வந்தவளுக்கும் திறந்தான். அயர்லாந்தின் வறுமையை அளக்க வந்தவள் தன் வீட்டில் அதன் வாடையைக்கூடப் பிடித்துவிடக் கூடாது என்பது அவன் கவலை.

அவன் மனைவி நுவாலா தேநீரோடு வந்தாள். இடது கன்னம் வீங்கி ஒரு கண் பாதி மூடியிருந்தது. கடைவாய்ப் பல் மாதக்கணக்கில் அவள் உயிரை எடுத்துக்கொண்டிருந்தது. பல் டாக்டரிடம் போகவேண்டும் என்று கேட்டபோதெல்லாம், "உப்புத் தண்ணி கொப்பளி" என்பதுதான் அவன் பதில். பணம் அவன் கையில், கார் சாவி அவன் பையில். நேற்று ஒரு கிடாரி தீனி எடுக்கவில்லை என்றதும் மாட்டு டாக்டர் ஓடி வந்து தொழுவத்தில் நின்றார்.

"டீ வேண்டாங்க, இப்பதான் குடிச்சேன்" என்றாள் வந்தவள். பெயர் ஃபிடெல்மா. மூன்றாவது முறை வற்புறுத்தியதும் வாங்கிக்கொண்டாள். முதல் தடவையே வாங்கினால் அந்தப் பக்கத்தில் பறக்காவெட்டி என்பார்கள். பிறகு மடியில் கணினியைத் திறந்தாள்.

"வீட்டைச் சூடா வெச்சுக்க முடியுதா?"

"முடியுது" என்றான் மாலக்கி.

"வாரத்துல ஒரு நாள் இறைச்சி ரோஸ்ட்?"

"ஒரு நாளா? ரெண்டு நாள்னு போட்டுக்கங்க."

"சமீபத்துல வெளிய போய்ப் பொழுது போக்கினீங்களா?"

"வெள்ளிக்கிழமை தவறாம!"

ஊர் மதுக்கடையான பப்புக்குப் போனவன் அவன். நுவாலா அங்கே கால் வைத்து வருஷக்கணக்காகிறது. வீட்டுக்கு ஒரு கணக்கு என்பதால், அவன் குடித்த பீர் அவள் தொண்டையிலும் இறங்கியதாகப் பதிவானது.

"இனி ஆளாளுக்குத் தனியா கேக்கணும்." ஃபிடெல்மா நுவாலா பக்கம் திரும்பினாள். "பல் டாக்டர்கிட்ட போகவேண்டியிருந்தும் போகாம விட்டதுண்டா?"

"இல்ல" என்றான் மாலக்கி.

ஃபிடெல்மாவின் விரல் அதையே கணினியில் தட்டியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறான் புருஷன், எதிரே உட்கார்ந்து பரிமாறுகிறாள் இவள்! நுவாலாவுக்குப் பல்லைவிட அந்தத் தட்டல்தான் வலித்தது.

"யாரைக் கேட்டீங்க?"

"உங்களைத்தாம்மா."

"சொன்னது யாரு?"

ஃபிடெல்மாவின் முகம் சிவந்தது. "நிறைய வீட்டுல இப்படித்தான். அய்யா சொன்னா போட்டுக்குவோம், வேலை சீக்கிரம் முடியும்."

"உலகப் பணக்கார நாட்டுக் கணக்குல நம்ம நாடு எங்க நிக்குது?" என்றாள் நுவாலா.

"முன்வரிசைலதான்."

"நிக்காதா பின்னே! இவனைக் கேட்டா நானும் முன்வரிசைதான்."

"சும்மா வெளையாடுறா" என்று சிரித்தான் மாலக்கி. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, "உள்ள போடி" என்றான்.

"போக மாட்டேன். மாத்துங்க. போகவேண்டியிருந்துச்சு, போகல."

"காரணம்?" ஃபிடெல்மா திரையைப் பார்த்துப் படித்தாள். "செலவு, பயம், நேரமில்ல, தானா சரியாகும்னு விட்டது..."

"பயம்னு போடுங்க. ஊசின்னாலே நடுங்குவா."

"புருஷன் விடலன்னு இருக்கா?" என்றாள் நுவாலா.

"இல்லம்மா. 'வேற காரணம்'னு ஒண்ணு இருக்கு."

"ரா முழுக்கத் தூங்காம கெடக்கறேன், நான் உங்களுக்கு வேற காரணமா?"

ஃபிடெல்மா 'வேற காரணம்' என்பதையே தட்டிவிட்டுக் கணினியை மூடினாள். வாசலுக்கு விரைந்தவளை முந்திக்கொண்டு, கோட்டை மாட்டியபடியே போய் அவளுடைய காரின் முன் சீட்டில் உட்கார்ந்தாள் நுவாலா.

"யாரையும் ஏத்தக் கூடாதும்மா. நான் கேட்டு எழுதுறவ மட்டும்தான்."

"கேட்டீங்கள்ல? அப்ப பதிலையும் ஏத்திக்கிட்டுத்தான் போகணும். டவுனுக்கு விடுங்க."

மாலக்கி ஓடிவந்து குரலைத் தணித்தான். பக்கத்து வயல்காரன் டோலன் டிராக்டரை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

"எறங்குடி. டாக்டருக்கு யாரு குடுப்பா?"

"பில் உன் பேருக்கு வரும். தர மாட்டேன்னு நீயே வந்து சொல்லு. அங்க உக்காந்திருக்கற சனம் பூரா கேக்கட்டும்."

அவன் கதவைப் பிடித்து இழுக்கப் போனான். அந்த நேரம் பார்த்து டோலன் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் வைத்தான். பதில் வணக்கம் வைக்காதவன் அந்த ஊரில் மனுஷனே இல்லை. மாலக்கி கதவை விட்டுவிட்டு, சிரித்த முகமாகக் கையைத் தூக்கினான்.

ஃபிடெல்மா அவனைப் பார்த்தாள், வீங்கிய கன்னத்தைப் பார்த்தாள், வண்டியை எடுத்துவிட்டாள்.

"திருப்பத்துல இடது பக்கம்" என்றாள் நுவாலா.