நாற்பத்திரண்டாவது ஓட்டு

எங்கள் ஊருக்கு இன்னும் முப்பத்தொரு மணி நேரம் இருந்தது. ஜூன் மாதத்தின் கடைசி சனிக்கிழமை, மாலை ஐந்து மணி. ஞாயிறு முடிந்தால் டன்ஸ்மோர் என்கிற ஊராட்சி இருக்காது. வீடுகளும் ஆறும் அப்படியே இருக்கும். சாலையையும் பள்ளிப் பிள்ளைகளையும் அமெரிக்காவின் மேய்ன் மாநிலமும் மாவட்டமும் பார்த்துக்கொள்ளும். ஊர் மேலாளர் ஆல்டன் பிங்கமுக்கும் எழுத்தரான எனக்கும் வேலை முடியும்.

அன்று கடைசி பீன்ஸ் விருந்து. மாதம் ஒருமுறை சங்கக் கூடத்தில் நடக்கும். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பானை பீன்ஸ் வரும். எது யாருடைய பானை என்று எல்லோருக்கும் தெரியும். நவம்பரிலிருந்து வெர்னா பீலின் பானையில் யாரும் கரண்டி வைப்பதில்லை. அவரை யாரும் திட்டவில்லை. எங்கள் ஊரில் திட்டுகிற வழக்கம் இல்லை. கொண்டுவந்த பானை நிறைந்தபடியே திரும்பிப் போகும்.

வெர்னா திங்கட்கிழமை பாங்கர் நகரத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்கே போய்விடுவதாக இருந்தார். வீட்டை விற்றாகிவிட்டது. அந்தக் கூடத்தில் எல்லோரும் ஒன்றாக உட்காருவது அன்றுதான் கடைசி.

ஆல்டன் எட்டு வருடம் மாநிலத் தலைநகர் அகஸ்டாவில் சட்டசபை உறுப்பினர். அதற்கு மேல் தொடர்ந்து நிற்கச் சட்டம் விடாது. திரும்பி வந்து ஊர் மேலாளர் வேலைக்கு மனு போட்டார். அங்கே நூற்றைம்பது பேரில் ஒருவராக இருந்தவர், இங்கே நாய் உரிமம் எழுதினார், கல்லறைப் புல்லை வெட்டினார். பன்னிரண்டு வருடம். இன்னமும் அவரை எம்.எல்.ஏ. என்றுதான் கேலியாகக் கூப்பிடுவார்கள். சாலையில் குழி விழுந்தால், அது சட்டசபையில் இரண்டாம் வாசிப்பில் இருக்கிறதா என்று கேட்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போவார்.

பனி தள்ளும் லாரியை ஓட்டியவர் வெர்னாவின் கணவர் ஹார்லன். எழுபத்தொரு வயது. வேறு ஆள் வைக்க ஊருக்கு வக்கில்லை. போன வருடம் மார்ச் புயலில் ஆல்டன்தான் போன் செய்து அவரை வரச் சொன்னார். விடிந்தபோது லாரி மேட்டுச்சாலையில் நின்றிருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஹார்லன் ஸ்டீயரிங்மேல் சாய்ந்திருந்தார். முதலில் போய்ப் பார்த்ததும் ஆல்டன்தான். இந்த ஊர்தான் அவரைத் தின்றுவிட்டது என்று வெர்னா அடக்கத்தன்று சொன்னார். அது எல்லோர் காதிலும் விழுந்தது.

அந்த நவம்பரில் ஊராட்சியைக் கலைக்கலாமா என்று ஓட்டு. கலைக்க மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஆல்டன் வீடு வீடாக ஏறி இறங்கினார். கலைக்க வேண்டாம் என்று, அவரையும் என்னையும் சேர்த்து, இருபத்தொரு பேர் வாக்குக் கொடுத்திருந்தோம். வெர்னாவும் கொடுத்தார். அந்தச் சாலைக்காகத்தான் ஹார்லன் செத்தார், அதை வேறு ஆளிடம் கொடுக்க மாட்டேன் என்றார். அறுபத்திரண்டு பேர் வந்து ஓட்டுப் போட்டார்கள். இருபத்தொன்று விழுந்திருந்தால் ஊர் பிழைத்திருக்கும். பெட்டியைத் திறந்தால் இருபதுதான் இருந்தது. கலைக்கச் சொன்னவை நாற்பத்திரண்டு.

வாக்குக் கொடுத்த ஒருவர் மாற்றிப் போட்டிருக்கிறார். காரணம் உள்ளவர் வெர்னா ஒருவர்தான் என்று ஊரே முடிவு செய்தது.

நான் கல்லூரியில் உயிரியல் படித்தவள். ஒன்று குறைந்தால் மறுபடி எண்ணுவதுதான் எனக்குத் தெரிந்த முறை. மறு எண்ணிக்கை கேட்க ஐந்து நாள் இருந்தது. மனுவைக்கூட எழுதி மேசையில் வைத்தேன். ஆல்டன் அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஏழு மாதம் கேட்கவில்லை.

விருந்தில் நான் வெர்னாவுக்கு அடுத்த பானையில் பரிமாறிக்கொண்டிருந்தேன். மர ஆலை கிளேட்டன் ஃபிக்கெட் தட்டோடு வந்தார். வெர்னாவின் பானைக்கு முன்னால் கொஞ்சம் நின்றார்.

"பாங்கர்லயாவது சொன்ன சொல்லைக் காப்பாத்து, வெர்னா."

"உன் தட்டைப் பாரு கிளேட்டன், சாயுது" என்றார் வெர்னா. அவர் கை கரண்டியிலேயே இருந்தது.

பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அடுத்த தட்டில் பீன்ஸ் போட்டேன்.

வரிசையின் கடைசியில் ஆல்டன் நின்றிருந்தார். மற்றவர்களைத் தாண்டி முன்னால் வந்து வெர்னாவின் முன் தட்டை நீட்டினார்.

"கொஞ்சம் போடு."

"இரக்கப்பட்டுச் சாப்பிட வேண்டாம், எம்.எல்.ஏ."

"இரக்கம் இல்ல. இவ்ளோ நாளா எனக்கு இந்தப் பானைகிட்ட வரத் தைரியம் இல்ல."

அவர் தட்டை மேசைமேல் வைத்தார். அறுபது பேருக்கு முன்னால் பேசுவது அவருக்குப் புதிதில்லை. ஆனால் எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் மேசை விளிம்பைப் பிடித்தார். கூடத்தில் சத்தம் தானாகக் குறைந்தது.

"ஓட்டு அன்னிக்குக் காலைல மொத பனி விழுந்துது" என்றார். வெர்னாவைப் பார்த்துத்தான் பேசினார். "லாரிக்கு ஆள் கூப்பிடலாம்னு போனை எடுத்தேன். பழக்கத்துல விரல் ஹார்லன் நம்பரைப் போட்டுருச்சு. நீ எடுத்தே. நான் வெச்சுட்டேன்."

"ஞாபகம் இருக்கு" என்றார் வெர்னா.

"அடுத்து யாரைக் கூப்பிடறது? கிளேட்டன் பையன் வரேன்னு சொல்லியிருந்தான். அவனுக்குக் கைக்குழந்தை. அவனையும் அந்த லாரில அனுப்ப என்னால நம்பர் போட முடியல. நானே ஓட்டிக்கிட்டுப் போனேன். மேட்டுச்சாலை வரைக்கும் போயிட்டு, அப்படியே வாக்குச்சாவடிக்கு வந்தேன்."

கிளேட்டன் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

"ஆல்டன், வேண்டாம், போதும்" என்றார் வெர்னா மெதுவாக. அவருக்குப் புரிந்துவிட்டது.

"இல்ல, அவங்க கேக்கணும்" என்று ஆல்டன் கூடத்தின் பக்கம் திரும்பினார். "வெர்னா சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டா. மாத்திப் போட்டது நான்."