ராய்ச்சோவின் வேன் பின்னோக்கிப் போன காலை

வஸில்கா முதல் தடவை ஓட்டுநர் தேர்வில் தோற்றது ஒரே ஒரு இடது திருப்பத்தால். ஒருவழித் தெருவில் இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால், முன்கூட்டியே இடது ஓரத்தைப் பிடித்துவிட வேண்டும். எதிரே வண்டி வராத தெருவாயிற்றே, அந்த ஓரமும் நமக்குத்தான். எங்கள் நாட்டில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம்தான் போகும்; அவளோ அந்தப் பழக்கதோஷத்தில் வலது ஓரமாகவே போய், அங்கிருந்து தெருவைக் குறுக்கே வெட்டித் திரும்பினாள். பின்னால் வந்த டாக்சி அலறியது. பயிற்சியாளனான நான் என் பக்கத்துப் பிரேக்கை மிதித்தேன். நான் மிதித்தால் தேர்வு அதோடு முடிந்தது.

எங்கள் ஊரான தர்னோவோவில் அவளுக்கு ஒரு பனிட்சாக் கடை; மாவு அடுக்குகளுக்குள் பாலாடைக்கட்டி வைத்துச் சுடும் பலகாரம் அது. அவள் சுடுவாள், அவள் கணவன் ராய்ச்சோ வேனில் கொண்டுபோய் ஓட்டல்களுக்குக் கொடுப்பான்.

“ஒரு திருப்பத்துல கோட்டை விட்டுட்டியாமே!” என்று கடையில் எல்லார் முன்னாலும் சிரித்தான் அவன். “விடு வஸில்கா. நீ சுடு, நான் ஓட்டுறேன். ஊருக்கு ரெண்டும் நல்லது.”

“உன் வாய்க்கு ஒரு பிரேக் இருந்தா அதுவும் ஊருக்கு நல்லதுதான்” என்றாள் அவள். பனிட்சாத் தட்டை அவன் கைக்கு எட்டாமல் நகர்த்தி வைத்தாள்.

மே மாதத்தில் மறுபடியும் தேர்வு. பின் இருக்கையில் தேர்வு அதிகாரி கொலாரொவ். அவள் பக்கத்தில் நான், வாயைத் திறக்கக் கூடாத நிலையில். மேட்டில் ஏறும் ஒருவழித் தெருவுக்குள் அழகாகத்தான் நுழைந்தாள். பாதித் தெருவில், எதிரே மேட்டிலிருந்து ஒரு வெள்ளை வேன் இறங்கி வந்தது.

வஸில்கா நிறுத்தினாள். வேனும் மூக்குக்கு மூக்காக நின்றது. ஓட்டி வந்தவன் தலையை வெளியே நீட்டினான்.

“ஏய், பயிற்சி வண்டி! கொஞ்சம் பின்னால போப்பா! அவசரம்!”

ராய்ச்சோ!

வஸில்கா கண்ணாடியை இறக்கினாள். “இது மேல போற தெரு, ராய்ச்சோ. நான் பின்னால போகக்கூடாது. நீதான் போகணும்.”

“வஸில்கா? நீயா? அடியே, பனிட்சா ஆறிடும்டி!”

“நான் சுட்டதுதானே? ஆறினாலும் நல்லாத்தான் இருக்கும். போ.”

“தெரிஞ்சவரா?” என்று பின்னாலிருந்து கேட்டார் கொலாரொவ்.

“வீட்டுக்காரர், சார்.”

கொலாரொவ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்குவதைக் கண்ணாடியில் பார்த்தேன்.

நெருக்கமாக நிறுத்தியிருந்த கார்களுக்கு நடுவே மேட்டில் வேனைப் பின்னோக்கி ஏற்றுவது லேசான காரியமில்லை. ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. “இடது! அந்த இடது இல்ல, உன் இடது!” என்று ஒரு பெண் மாடியிலிருந்து கத்தினாள். முடிவெட்டுபவர் கையில் சீப்போடு ஓடி வந்தார். பாதி வெட்டிய தலையோடு அவருடைய வாடிக்கையாளரும் வந்தார். இருவரும் எதிரெதிராகக் கைகாட்டினார்கள். வேனின் எஞ்சின் அணைந்தது, உறுமியது, மறுபடி அணைந்தது. வஸில்கா கைப்பிரேக்கைப் போட்டுவிட்டு, சலனமில்லாமல் காத்திருந்தாள்.

வேன் ஒருவழியாக மேலே போய் ஒதுங்கியது.

“அடுத்த தெருவுல இடது பக்கம் திரும்புங்க” என்றார் கொலாரொவ்.

போன தடவை தோற்ற அதே திருப்பம். வஸில்கா கண்ணாடியைப் பார்த்தாள், சைகை விளக்கைப் போட்டாள், இடது ஓரத்துக்கு நகர்ந்து அதை ஒட்டியே போய், வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோலத் திரும்பினாள். தெருவே கை தட்டியது. முதலில் தட்டியது ராய்ச்சோ.

“ஒருவழித் தெருக் கேள்விய இவ்வளவு கஷ்டமா நான் யார்கிட்டயும் கேட்டதில்ல” என்றார் கொலாரொவ், வண்டி நின்றதும். “பாஸ். வீட்டுக்காரருக்கு என்ன தண்டனைங்கிறத நீங்களே பாத்துக்குங்க.”

உரிமம் கைக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, ட்ரியானோவோ பக்கம் மீன் சாப்பிட எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள். முன்னால் உட்கார்ந்திருந்த ராய்ச்சோ ஆரம்பத்தில் ஒவ்வொரு வளைவிலும் இல்லாத பிரேக்கைக் காலால் தேடினான். பிறகு சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால், வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

“வேற யார் ஓட்டினாலும் கண்ண மூட மாட்டான், லூபென்” என்று என்னிடம் கிசுகிசுத்தாள் வஸில்கா. முகமெல்லாம் சிரிப்பு.

மீன் கடை வந்தது. அவள் நிறுத்தவில்லை. எனக்கும் பசி பெரிதாகத் தெரியவில்லை. அவனை எழுப்ப மனமில்லாமல், மலைப்பாதையில் இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டிக்கொண்டே போனாள்.