பாதி வயலுக்கு வந்த மருந்து

மார்ச் மாதம் கோதுமை இலைகளில் மஞ்சள் கோடு விழுந்தபோது, என் புருஷன் ஷெத்லி "பயிருக்குப் பசி" என்று சொல்லி யூரியா வீசினான். அது பசியில்லை, துருநோய்; யூரியா போட்டு அதற்கு விருந்து வைத்தோம். அடுத்த வாரம் வயலுக்குள் போய் வந்தால் என் பாவாடை முழுக்க மஞ்சள் பொடி.

எங்கள் பேஜா பக்கம் எல்லா ஊரிலும் அதே கதி. கூட்டுறவுக் கடையில் மருந்துக்கு அடிதடி. விடியுமுன் போய் நின்ற ஷெத்லி, மதியம் ஒரே ஒரு கேனோடு திரும்பினான். வயல் நாலு ஹெக்டேர். மருந்து ரெண்டு ஹெக்டேருக்குத்தான் வரும்.

"அளவைக் குறைச்சா அது வெறும் தண்ணிதான். கதிரை ஒட்டின கடைசி இலையாவது தப்பணும், அதுதான் மணிக்குச் சோறு போடுது" என்று விவசாய ஆபீஸ் பெண் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

"மேட்டுப் பக்கம் மட்டும் அடி" என்றேன். "அங்க இன்னும் அவ்வளவா ஏறல."

"மேடு என் பங்கு. பள்ளம் சால்ஹாவோடது."

சால்ஹா அவன் தங்கை. புருஷனை இழந்தவள், இரண்டு பெண்களோடு மெஜெஸ் ஊரில் இருக்கிறாள். மாமனார் மகளுக்கும் சரிபாதி எழுதிவைத்தபோது ஊரே சிரித்தது. அண்ணன் எப்போது அமுக்குவான் என்று அன்றிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறது.

"விதவை பங்கைக் காயவிட்டுட்டு தன் பங்கைக் காப்பாத்திக்கிட்டான்னு பேசுவாங்க, மோன்ஜியா."

"அப்போ பள்ளத்துக்கே அடிச்சுத் தொலை! ஏதோ ஒரு பாதி பிழைக்கட்டும், ரெண்டு வீடும் பிரிச்சுத் தின்போம். அவளுக்கு ஒரு போன் போட்டுக் கேளேன்."

"எந்த வாயால கேக்கறது?"

கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பிடுங்கிப் போனான். மருந்தின் அளவைப் பாதியாக்கி, நாலு ஹெக்டேருக்கும் ஒரே மாதிரி அடித்தான். நியாயஸ்தன்! அந்த நியாயத்தை அடுப்பில் வைக்கலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

ஒரு வாரம் நோய் அடங்கினாற்போல இருந்தது. பத்தாம் நாள் கடைசி இலையிலும் ஏறிவிட்டது. கடைக்கு ஓடினான், காலிப் பெட்டிகள்தான் இருந்தன. சோப்புத் தண்ணீர் அடித்தான். சாம்பல் தூவினான். கடைசியில் ஒரு துணியை நனைத்து இலை இலையாகத் துடைக்க ஆரம்பித்தான். நாலு ஹெக்டேரையும். "பைத்தியமா உனக்கு?" என்று கத்தினேன். ஆனாலும் நானும் ஒரு துணி எடுத்துக்கொண்டு போனேன்.

ஜூனில் சால்ஹா வந்தாள். ஒரு கதிரைக் கிள்ளி உள்ளங்கையில் தேய்த்து ஊதினாள். உமி பறந்தது. சூம்பிப்போன மணிகளும் கூடவே பறந்தன.

"உன் பங்குக்கு ஒரு குறையும் வைக்கல, சால்ஹா" என்றான் ஷெத்லி. "இருந்த மருந்தைச் சரிசமமா அடிச்சேன்."

"எவ்வளவு இருந்துச்சு?"

"ரெண்டு ஹெக்டேருக்கு."

அவள் கையில் ஒட்டியிருந்த உமியைத் தட்டிவிட்டாள்.

"மேட்டுக்கே அடிச்சிருக்கலாமேண்ணே. உன் வீட்டுல ரொட்டி இருந்தா என் பிள்ளைங்களுக்குக் கொடுக்காமலா இருந்திருப்பே?"

ஷெத்லி அப்படியே வயலில் உட்கார்ந்துவிட்டான். மிஷின் வாடகைக்குக்கூட மணி தேறாது. அறுவடை மிஷினை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, அன்று மாலையே நான் ஆடுகளை வயலில் மேயவிட்டேன்.