என் காலுக்கு மட்டும் திணறிய வண்டி

நான் ஓட்டினால் மட்டும்தான் எங்கள் கார் திணறும். சிக்னலில் நின்றுவிட்டு மறுபடி ஆக்சிலரேட்டரை மிதித்தால், போவதா வேண்டாமா என்று ஒரு கணம் யோசிக்கும். அப்புறம் ஒரு குலுக்கு குலுக்கிவிட்டுப் பாயும். மகன் ஓட்டினால் சமர்த்தாகப் போகும். மெக்கானிக் ஓட்டினாலும் அப்படியே. வண்டிக்குக்கூட என்னைக் கண்டால் இளக்காரமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் வீட்டுக்காரர் காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். பார்வை மங்கிய பிறகு ஸ்டீயரிங்கை என்னிடம் விட்டார். வாயை மட்டும் விடவில்லை. "அடுத்தவங்க ஓட்டுற வண்டியில நான் ஒரு நாளும் தூங்கினது கிடையாது" என்று பெருமையடிப்பார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, இல்லாத பிரேக்கை வழி நெடுக மிதித்துக்கொண்டே வருவார். அவர் காலடியில் ரப்பர் விரிப்பு தேய்ந்து ஓட்டை விழுந்துவிட்டது.

போன வாரம் மெயின் ரோட்டில் திரும்பும்போது வண்டி பாதியில் தயங்கி நின்றது. எதிரே வந்த லாரி கிறீச்சிட்டு மயிரிழையில் நின்றது. லாரிக்காரன் கேட்டதையெல்லாம் எழுத முடியாது. அதைவிட என் வீட்டுக்காரர் சொன்னதுதான் சுருக்கென்று தைத்தது.

"வண்டியில ஒண்ணும் இல்ல. உன் காலுக்குத்தான் தைரியம் இல்ல."

சொன்னதோடு நிற்காமல் மகனிடமும் போட்டுக்கொடுத்துவிட்டார். அவன் அன்றைக்கே பேசினான். "ஞாயித்துக்கிழமை ஒருத்தர் வண்டியப் பாக்க வர்றாரும்மா. குடுத்துடலாம். உனக்கு எதுக்கு இந்த வம்பு?"

வம்பாம்! நான் தைத்த துணிகளைக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதும், இவரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும் அந்த வண்டியில்தான். தலை நரைத்த பிறகு ஓட்டக் கற்றுக்கொண்டவள் நான். வண்டி போனால், யாராவது வந்து கூட்டிப்போவார்களா என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். இவரும், கூடவே நானும்.

சனிக்கிழமை காலையில் இவரையும் ஏற்றிக்கொண்டு மெக்கானிக் ஷெட்டுக்குப் போனேன். மெக்கானிக்கை எல்லோரும் புயல் என்றுதான் கூப்பிடுவார்கள். கதவைச் சாத்தினாலும் சரி, டீ குடித்தாலும் சரி, அவனுக்கு எல்லாமே தடாலடிதான்.

"மறுபடியுமா அக்கா? பிளக் மாத்தியாச்சு, பெட்ரோல் ஃபில்டர் மாத்தியாச்சு. இதுக்கு மேல இன்ஜினுக்கு மந்திரிச்சுதான் விடணும்."

"வாயப் பேசாம ஓட்டிக் காட்டு. நானும் கூட வர்றேன்."

இவரை ஷெட் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுக் கிளம்பினோம். அவன் ரோட்டைப் பார்த்து ஓட்டினான். நான் அவன் காலைப் பார்த்தேன். கரப்பான்பூச்சியை நசுக்குகிற மாதிரி மிதித்தான். வண்டி சும்மா பிய்த்துக்கொண்டு போனது. மகனும் அப்படித்தான் மிதிப்பான், அப்பன் புத்தி. நான் மிதிப்பது வேறு மாதிரி. மோட்டார் தையல் மெஷினில் காலர் முனையைத் திருப்பும்போது கொஞ்சம் அதிகமாக அழுத்தினாலும் துணி பாழ். ஊசியை ஒவ்வொரு குத்தாக நகர்த்திப் பழகிய கால் இது.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. அந்த மெஷினின் கால் பெடலும் ஒரு சமயம் இதே வேலையைக் காட்டியிருக்கிறது. லேசாக அழுத்தினால் ஊசி அசையாது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் துணியை இழுத்துக்கொண்டு ஓடும். கழற்றிப் பார்த்தபோது, நான் எப்போதும் அழுத்தி நிறுத்துகிற அந்த இடம் மட்டும் உள்ளே தேய்ந்திருந்தது.

"தம்பி, பெடலை எவ்வளவு மிதிக்கிறோம்னு இன்ஜினுக்கு எப்படித் தெரியும்?"

"அதுக்கு ஒரு சென்சார் இருக்குக்கா."

"அது ஒரே ஒரு இடத்துல தேஞ்சிருந்தா? நீ மிதிக்கிற மிதியில அந்த இடத்தைத் தாண்டிக் குதிச்சிடுவ. நான் அங்கயே நிக்கிறேன்."

புயல் சட்டென்று வண்டியை ஷெட்டுக்குத் திருப்பினான். ஷெட்டுக்கு வந்ததும் பானெட்டைத் திறந்து, முள் வைத்த மீட்டரைச் சென்சாரில் மாட்டினான். என் வீட்டுக்காரர் பெஞ்சிலிருந்து எழுந்து, தடவிக்கொண்டே வந்து நின்றார்.

"மிதிங்கக்கா. உங்க மாதிரியே மிதிங்க."

மிதித்தேன். முள் மெல்ல ஏறியதாம். திடீரென்று பொத்தென்று விழுந்ததாம். இன்னும் கொஞ்சம் மிதித்ததும் ஒன்றும் நடக்காதது போல் மறுபடி ஏறியதாம். புயல் திரும்பத் திரும்ப மிதிக்கச் சொன்னான். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் விழுந்தது.

"அண்ணே," என்றான், அவன் குரலா என்று நானே சந்தேகப்படும் அளவுக்கு மெதுவாக. "அக்கா மேல தப்பே இல்லண்ணே. வண்டிதான்."

புயல் புது சென்சார் வாங்கி வந்து மாட்டி முடிக்கும் வரைக்கும் இவர் பானெட்டைப் பிடித்தபடி நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"பையனுக்குப் போட்டுக் குடு."

போட்டுக் கொடுத்தேன்.

"நாளைக்கு யாரையும் வரச் சொல்லாதடா. வண்டி விக்கிறதுக்கு இல்ல. உங்கம்மா சரியாத்தான் ஓட்டியிருக்கா. எனக்குத்தான் தெரியல."

அதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் மகனிடம் தலை குனிந்தாரே, அதுவே அவருக்குப் பெரிய விஷயம். எனக்குக் கோபமெல்லாம் வடிந்துவிட்டது.

திரும்பும்போது அதே மெயின் ரோடு, அதே திருப்பம். தூரத்தில் லாரி வேறு. என் வழக்கப்படியே லேசாக மிதித்தேன். வண்டி வழுக்கிக்கொண்டு திரும்பியது.

"பாத்தீங்களா?" என்றேன்.

பேச்சில்லை. இவர் கால் எங்கே என்று குனிந்து பார்த்தேன். அந்த விரிப்பின் ஓட்டையில் கால் இல்லை. இரண்டு கால்களையும் தளர்வாக நீட்டி, தலையை ஜன்னல் கண்ணாடியில் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, தூங்கிக்கொண்டிருந்தார்.

வீட்டு வாசல் வந்தது. நான் நிறுத்தவில்லை. அவர் எழுந்துவிடாதபடி மெல்ல மிதித்து, இன்னொரு சுற்று போனேன்.