பச்சை வண்டியின் பின்கதவு

"எறக்கி வைங்க சித்தப்பா" என்ற ஜெயசுதா, வண்டியின் பின்கதவைச் சாத்திக் கொண்டியை மாட்டி அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டாள். வெள்ளைத் துணி சுற்றிய அவள் அப்பாவைத் தூக்கி வந்தவர்கள் திகைத்துப்போனார்கள்.

நாமக்கல் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அமரர் ஊர்தி, தார் ரோடு முடிந்த இடத்தோடு சரி. அதற்குமேல் மலையூருக்கு மழை அரித்துப் போட்ட மண்பாதை. அதில் ஏறக்கூடியது அப்பா ராசப்பனின் பச்சை பிக்கப் ஒன்றுதான். தம்பி அருள்ராஜ் அதைத்தான் இறக்கிக்கொண்டு வந்திருந்தான். அவருடைய வண்டியில் அவரை ஏற்றுவதற்கு என்ன யோசனை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

வண்டி ஜெயசுதாவைவிட மூத்தது. காளப்பநாயக்கன்பட்டியில் பட்டறை வைத்திருக்கும் ஜாபர் உசேனும் அப்பாவும் அதைப் பிரித்துப் பூட்டாத வருடம் கிடையாது. துருப்பிடித்த தகட்டை வெட்டியெடுத்து, அதே வளைவில் புதுத் தகடு வைப்பார்கள். பச்சை கொஞ்சம் மாறியிருந்தாலும் அப்பா பெயிண்டைக் கடைக்கே திருப்பிக்கொண்டு போவார். பின்னால் கூண்டு கட்டி, உள்ளே ஒரு கட்டிலைப் பொருத்தி, குலுக்கல் தெரியாமலிருக்க ஸ்பிரிங் பட்டையில் ரெண்டைக் கழற்றிவிட்டிருந்தார். அதனால் பலாப்பழம் பாதி லோடுதான் ஏறும். பிழைக்கத் தெரியாத மனுசன் என்று ஊர் சிரித்தது. ஆனால் வலி கண்டால் அந்த ஊர்தான் அவர் வாசலுக்கு ஓடி வந்தது. மலைமேல் பைல் நாட்டு ஊர்களில் பாதிப் பிள்ளைகள் அந்த வண்டியில் ஒருமுறை பயணம் செய்துவிட்டுத்தான் பிறந்தார்கள்.

அம்மா கண்ணாயி செத்தபோதும் இதே இடத்தில்தான் நின்றார்கள். அன்றைக்கு அப்பா பின்கதவைத் திறக்கவில்லை. பிணம் ஏறிய வண்டியில் பிள்ளைத்தாச்சி ஏறமாட்டாள் என்றுவிட்டார். மூங்கிலில் போர்வையைத் தூளியாகக் கட்டி அம்மாவைத் தூக்கிப்போனார்கள். அதன்பிறகு ஜெயசுதா அவருக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள், முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் அவர் அவள் கையைப் பிடித்தபோதும் பேசவில்லை. அது இப்போது உறுத்தியது. ஆனாலும் வீம்பு விடவில்லை.

"எங்கம்மாவ ஏத்தாத வண்டியில இவர மட்டும் எப்படிங்க ஏத்தறது?"

செத்தவரிடமா பழி தீர்ப்பது என்று சித்தப்பா சின்னுசாமி கடிந்துகொண்டார். கூட வந்திருந்த ஜாபர் உசேன்தான் அவளைத் தனியே அழைத்தார்.

"அது உங்கப்பா வார்த்தை இல்ல கண்ணு. உங்கம்மா வார்த்தை."

ஜெயசுதாவுக்கு முன்னால் ஒரு பிள்ளை இருந்ததாம். வலியெடுத்த கண்ணாயி பலாப்பழ லோடுக்கு நடுவில் உட்கார்ந்து மலையிறங்கினாள். பிள்ளை மலைப்பாதை வளைவிலேயே போய்விட்டது. கட்டில் வந்தது அதற்கப்புறம்தான். பட்டறையில் வெறும் பலகைமேல் அவளைப் படுக்கவைத்தே அளவு எடுத்தார்கள். எழுந்து உட்கார்ந்தவள், நானே செத்தாலும் என்னை இதில் ஏற்றக்கூடாது, இது உயிரோடு இறங்குகிறவளுக்கு என்றாளாம்.

"ஏங்க மாமா எங்கிட்டச் சொல்லல?"

"நாஞ் சொல்றேன்னேன். வேண்டாம்னுட்டாரு. செத்தவ மேல புள்ளைக்கு வருத்தம் வேண்டாம், எம்மேலயே இருந்துட்டுப் போகட்டும்னாரு."

ஜெயசுதா அப்பாவிடம் வந்தாள். வாய்க்கட்டு நழுவியிருந்ததைச் சரிசெய்தாள். அவரை அந்தக் கட்டிலில் படுக்கவைத்து, அலுங்காமல் வீடு சேர்க்க வேண்டும் என்று இப்போது மனசு அடித்துக்கொண்டது. கை கொண்டிவரைக்கும் போனது. திறந்தால் தடுப்பதற்கு ஆளில்லை. ஆனால் நாளைக்கு ஒருத்தி வலியோடு வந்து, இந்தக் கதவுக்கு முன்னால் ஏறத் தயங்கி நிற்பாள்.

"தூளி கட்டுங்க" என்றாள்.

முன்பக்கம் தோள்கொடுக்க வந்த அருள்ராஜை, வண்டியை எடுத்துக்கொண்டு பின்னால் வரச் சொல்லிவிட்டு, அந்த இடத்தில் தானே நின்றாள். பெண்பிள்ளை தூக்குவதா என்று சித்தப்பா வாயெடுத்தார். பிறகு பின்பக்க மூங்கிலைத் தோளில் வைத்துக்கொண்டார்.

ஏற்றத்தில் அப்பா கனத்தார். அழுதுகொண்டேதான் நடந்தாள். பின்னால் காலி வண்டி முதல் கியரில் வந்துகொண்டிருந்தது. பெரிய குழி ஒன்றைத் தாண்டியதும் அவள் திரும்பிப் பார்த்தாள். உள்ளே யாரோ ஒருத்தி படுத்திருப்பதுபோல, அருள்ராஜ் ஒரு சக்கரத்தை மெல்ல இறக்கி, நிறுத்தி, அப்புறம் அடுத்ததை இறக்கினான்.