சரியான புகைப்படக்காரர்: மூன்றாவது ஆலோசனையோடு நின்றுபோனது

1

இதைக் கட்டுரையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் வெளிவரும் ஒரு பெண்கள் மாத இதழுக்கு அவ்வப்போது எழுதுவேன். பள்ளியில் மொழிப்பாடம் நடத்துகிறவள் என்பதால் பிழை இல்லாமல் எழுதுவேன் என்று ஆசிரியைக்கு ஒரு நம்பிக்கை. "கல்யாண மாசம் வருது. சரியான புகைப்படக்காரரைத் தேர்ந்தெடுப்பது எப்படின்னு பத்து ஆலோசனை எழுதிக் கொடுங்க. லேசா இருக்கட்டும்" என்றார்.

ஒன்று: அவர் முன்பு எடுத்த படங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இரண்டு: மண்டபத்தின் விளக்கொளி அவருக்குப் பழக்கமா என்று விசாரியுங்கள்.

மூன்று: எடுத்த படங்களை எத்தனை காலம் பத்திரமாக வைத்திருப்பார் என்று கேளுங்கள். ஏனென்றால் ஒருநாள் உங்கள் வீடு

அந்த வாக்கியம் அங்கேயே நிற்கிறது. "வீடு மாறலாம்" என்று முடித்துப் பார்த்தேன். "வீட்டுக் கணினி பழுதாகலாம்" என்றும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் சரியான காரணங்கள்தான். ஆனால் அந்தக் கேள்வி என்னிடம் வந்து சேர்ந்த வழி வேறு. அதை மறைத்துக்கொண்டு நான்காவது ஆலோசனைக்குப் போக முடியவில்லை. ஆசிரியையிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். மிச்சம் ஏழு ஆலோசனைக்குப் பதிலாக இது வந்தது.

2

தொடக்கம், முதல் வரைவு: எங்கள் மோசுலில் வசந்தம் வந்துவிட்டால் ஆற்றங்கரைத் தோப்புகளில் வெள்ளை கவுன்கள்

(வேண்டாம். வசந்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

தொடக்கம், இரண்டாம் வரைவு: மயாதாவுக்குத் திருமணம் நிச்சயமான மறுவாரம், மூன்று பெண்கள் ஸ்டுடியோ ஸ்டுடியோவாக ஏறி இறங்கினார்கள். மயாதா மணப்பெண். மருந்துக்கடையில் வேலை, பட்டென்று பேசுகிற பெண். அவளுடைய தாய் உம்மு ஹாரித், அதாவது ஹாரித்தின் அம்மா. தலைப்பிள்ளையின் பெயரால்தான் எங்கள் பக்கம் தாயைக் கூப்பிடுவோம். பிள்ளை போய்விட்டாலும் அந்தப் பெயர் போவதில்லை. ஹாரித்தைப் பிடித்துக்கொண்டு போய் ஆறு வருடமாகிறது. திரும்பி வரவில்லை. மூன்றாவது பெண் அந்த வீட்டு மருமகள். அவள் மூலையில் உட்கார்ந்து கைப்பையைப் பிடித்துக்கொண்டிருப்பாள். கதையில் அவளுக்கு வேலை இல்லை.

இது பரவாயில்லை. இப்படியே போகிறேன்.

முதல் ஸ்டுடியோ கண்ணாடியும் பளபளப்புமாக இருந்தது. அங்கே இருந்த இளைஞன் மேசையில் ஒரு ட்ரோனை வைத்துச் செல்லப்பிராணியைப் போலத் தடவிக்கொண்டே பேசினான்.

"மேலேர்ந்து எடுப்போம், கீழேர்ந்து எடுப்போம், புகை விடுவோம். பார்க்கிறவங்க இது இஸ்தான்புல்லான்னு கேப்பாங்க."

"எங்க வீட்டு வாசல்ல நின்னா இஸ்தான்புல் எப்படித் தெரியும்?" என்றாள் மயாதா. ஆனாலும் அவளுக்கு ஆசைதான்.

உம்மு ஹாரித் அதுவரை எதையும் கேட்கவில்லை. "படத்தை எத்தனை நாள் வெச்சிருப்பீங்க, தம்பி?" என்றார்.

"ஒரு மாசம், ஹஜ்ஜா. அப்புறம் அழிச்சிடுவோம். இடம் பத்தாது."

அவர் எழுந்துவிட்டார்.

இரண்டாவது, சுரா என்ற பெண் நடத்துகிற ஸ்டுடியோ. மயாதாவுக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. "பதினஞ்சே நாள். பென்டிரைவ்ல போட்டுக் கொடுத்துட்டு உங்க கண்ணு முன்னாடியே அழிச்சிடுவேன். பொண்ணுங்க படம் எங்கிட்டேர்ந்து வெளிய போனதே இல்ல" என்றாள் சுரா. மயாதா தேடியது இதைத்தான். அவளோடு படித்த ஒருத்தியின் கல்யாணப் படங்கள் யார் யார் போனிலோ சுற்றி, அந்தப் பெண் ஊரைவிட்டே போகும்படி ஆகியிருந்தது.

உம்மு ஹாரித் இங்கேயும் எழுந்துவிட்டார்.

தெருவில் இறங்கியதும் மயாதா வெடித்தாள். "உம்மா, நீங்க எனக்குப் போட்டோகிராபர் தேடுறீங்களா, கல்லறைக் காவல்காரன் தேடுறீங்களா?"

சொன்ன பிறகு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். உம்மு ஹாரித் கோபப்படவில்லை. "ரெண்டும் ஒரே ஆளா கிடைச்சா நல்லதுதான்" என்றார்.

3

இந்த மருமகள் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம். வேலை இல்லாதவளை ஏன் கதைக்குள் கூட்டிக்கொண்டு வந்தேன்? வரைவிலிருந்து மூன்று முறை அவளை அடித்துப் பார்த்தேன். அவள் மூலையைவிட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள்.

மறைக்க வேண்டாம். அந்த மருமகள் நான்தான். இப்திஹால். ஹாரித்தின் மனைவி.

உம்மு ஹாரித் ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு அலைந்தார் என்பதை இனிமேல் சொல்லலாம். அவரிடம் மகனின் படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: பதினோரு வயதில் பள்ளியில் எடுத்தது. வளர்ந்த ஹாரித், மீசை வைத்த ஹாரித், எங்கேயும் இல்லை. (போனில் இல்லையா என்று கேட்பீர்கள். போன் வைத்திருந்தால் தலை போகிற காலம் அது. எல்லாப் போனையும் கிணற்றில் போட்டோம்.) எங்கள் கல்யாண ஆல்பம் இருந்தது. நகரத்தை மீட்கிற சண்டை ஆற்றின் வலக்கரைக்கு, நாங்கள் இருந்த பக்கத்துக்கு, வந்தபோது வீட்டைவிட்டு ஓடினோம். திரும்பி வந்தபோது வீடு கல்லும் கம்பியுமாகக் கிடந்தது. ஆல்பம் அதற்குள் போய்விட்டது.

(இந்தக் கடைசி வாக்கியத்தை இப்படியே விட்டுவிட்டு மேலே போகலாம். நான்கு வருடம் அப்படித்தான் விட்டிருந்தேன்.)

ஆல்பம் இடிபாட்டுக்குள் போகவில்லை. அதை நான் எரித்தேன்.

ஹாரித் போலீசில் இருந்தவர். எங்கள் கல்யாணத்துக்கு அவரோடு வேலை பார்த்தவர்கள் சீருடையிலேயே வந்து வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பதினொரு பேர். நகரம் ஆயுதத்தோடு வந்த கறுப்புக் கொடிக்காரர்கள் கைக்குப் போன பிறகு அவர்களில் நான்கு பேர் இன்னும் இங்கேயே ஒளிந்திருந்தார்கள். ஹாரித்தைக் கொண்டுபோன மூன்றாம் நாள், பக்கத்துத் தெருவில் வீடு வீடாகப் படம் தேடுகிறார்கள் என்று தகவல் வந்தது. மாமியும் மயாதாவும் ஹாரித்தைப் பற்றி விசாரிக்கப் போயிருந்தார்கள். மத்தியான நேரம். ரொட்டி சுடுகிற அடுப்பு சூடாக இருந்தது.

சீருடைக்காரர்கள் இருந்த பக்கங்களை மட்டும் எரித்திருக்கலாம். ஹாரித் தனியாக நிற்கிற ஒரு படத்தைப் பிரித்தெடுத்துச் சட்டைக்குள் வைத்திருக்கலாம். அதற்கு நேரம் இருந்தது. நேரம் இல்லை என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருந்தது. பயந்துவிட்டேன்.

இதைவிடப் பெரியது ஒன்று உண்டு. சண்டை முடிந்ததும் உம்மு ஹாரித் அந்த இடிபாட்டைத் தோண்டினார். நான்கு நாள். கையால். நானும் பக்கத்தில் உட்கார்ந்து தோண்டினேன்.

4

எங்கள் கல்யாணத்தைப் படமெடுத்தவர் ஜர்ஜீஸ் என்பவர். அவர் இடக்கரையில் புதிதாகக் கடை போட்டிருக்கிறார் என்று உம்மு ஹாரித் எப்படியோ விசாரித்துத் தெரிந்துகொண்டார். "அந்தப் படமெல்லாம் அவர்கிட்ட இருக்கும். மயாதா கல்யாணத்துக்கும் அவரையே பேசிடுவோம்" என்றார். மயாதா முகத்தைச் சுளித்தாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு நப்பாசை. இருந்துவிட்டால் என் குற்றம் இல்லாமல் போய்விடும்.

சின்னக் கடை. சுவரில் அருவி வரைந்த திரை. சாயம் பூசிய மீசையோடு கனத்த மனிதர். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. கல்யாணப் பெண்களின் முகம் புகைப்படக்காரர்களுக்கு மறக்காது போலிருக்கிறது. எதையும் கேட்காமல் தேநீர் வரவழைத்தார்.

"என் பிள்ளை கல்யாணம் நீங்கதான் எடுத்தீங்க. அந்தப் படம் இருக்கா?" என்றார் உம்மு ஹாரித்.

"இல்ல, ஹஜ்ஜா."

"தேடிப் பார்த்துட்டுச் சொல்லுங்க. அவசரமில்ல."

"தேட வேண்டியதில்ல. நான்தான் அழிச்சேன். பதினாறு வருஷத்துக் கல்யாணம். ஒவ்வொரு டிஸ்க்கையும் சுத்தியலால அடிச்சு, சாக்குல கட்டி, ஆத்துல போட்டேன்."

"ஏன்?"

"அதுல முகம் இருந்துச்சு, ஹஜ்ஜா. போலீஸ்காரங்க, கோர்ட்டுல வேலை பார்த்தவங்க, தலையில துணி இல்லாம ஆடின பொண்ணுங்க. அவனுங்க பட்டியல் எழுதிட்டு இருந்தானுங்க. என் கடைதான் இருக்கறதுலேயே பெரிய பட்டியல்."

உம்மு ஹாரித்தின் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்று கேட்டேன்.

"யார் உங்களைச் செய்யச் சொன்னாங்க? என் பிள்ளை முகம் அது! எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? ஒண்ணே ஒண்ணு, நகத்தளவு படம், ஒளிச்சு வைக்கத் தோணலையா உங்களுக்கு?"

"தோணுச்சு" என்றார் ஜர்ஜீஸ். தலையை நிமிர்த்தவில்லை. "பயமா இருந்துச்சு."

நான் சொல்ல வேண்டிய இரண்டு வார்த்தைகளை அந்த மனிதர் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு வர வேண்டிய ஏச்சை வாங்கிக்கொண்டிருந்தார்.

"மாமி, அவரைத் திட்டாதீங்க" என்றேன். "ஆல்பத்தை நான் எரிச்சுட்டேன்."

"அண்ணி?" என்றாள் மயாதா.

உம்மு ஹாரித் என் பக்கம் மெதுவாகத் திரும்பினார். "எப்போ?"

"அவரைக் கொண்டுபோன மூணாம் நாள். நீங்க விசாரிக்கப் போயிருந்தப்ப."

"அப்போ நான் தோண்டினப்ப உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"நாலு நாள்."

"நாலு நாளும் தெரியும், மாமி."

அவர் தேநீர்க் குவளையைச் சத்தமில்லாமல் தட்டில் வைத்தார். மேலங்கியைச் சரிசெய்துகொண்டு வெளியே போனார்.

(இந்த இடத்தில் மழை பெய்வதாக எழுதினால் பொருத்தமாக இருக்கும். பெய்யவில்லை. எதிர்க்கடையில் மாதுளை பிழிந்துகொண்டிருந்தார்கள். நல்ல வெயில்.)

5

ஒன்பது நாள் அவர் என்னோடு பேசவில்லை. (பதினோரு நாள் என்று முதலில் எழுதியிருந்தேன். வரைவைப் படித்த மயாதா, "ஒன்பதுதான் அண்ணி, நான்தானே நடுவுல மாட்டிக்கிட்டு தபால்காரி வேலை பார்த்தேன்" என்று திருத்தினாள்.) எனக்கும் சேர்த்துத்தான் சமைத்தார். என் தட்டை எடுத்துவைத்தார். நான் பக்கத்திலேயே நிற்கும்போது, "உங்க அண்ணிகிட்ட சொல்லு, உப்பு தீந்துடுச்சு" என்பார். நான் போய் உப்பு வாங்கி வருவேன்.

அந்த நாட்களில்தான் மயாதா முடிவெடுத்தாள். யாரையும் கேட்காமலே, ஜர்ஜீஸுக்குப் போன் போட்டுத் தேதி சொல்லிவிட்டாள்.

"அவரையா? உனக்கு சுராதானே பிடிச்சது?" என்றேன்.

"அவ நல்லவதான். ஆனா அவ நல்ல காலத்துல அழிக்கிறவ. இவர் தன்னோட பதினாறு வருஷத்தைத் தூக்கி ஆத்துல போட்டிருக்கார், அண்ணி. நமக்காக. உம்மா அவ்வளவு திட்டினாங்க, ஒரு சாக்கு சொன்னாரா மனுஷன்? என் முகத்தை அவர்கிட்ட கொடுக்கலாம்."

ஒன்பதாம் நாள் சமையலறையில் திராட்சை இலையில் சோறு வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தேன். உம்மு ஹாரித் எதிரே வந்து உட்கார்ந்து ஒரு இலையை எடுத்தார்.

"எதை முதல்ல போட்டே?" என்றார்.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. "யூனிஃபார்ம்காரங்க நின்ன படம்."

"கடைசியா?"

"அவர் மட்டும் இருந்தது."

"போடறதுக்கு முன்னாடி பார்த்தியா?"

"பார்த்தேன், மாமி."

"எப்படி இருந்தான்?"

சொன்னேன். தலைமுடியிலிருந்து தொடங்கி, கை எங்கே இருந்தது, எந்தப் பக்கம் பார்த்தார், எதற்குச் சிரித்தார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் இலையைச் சுருட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு இடத்தில் நிறுத்தி, "மறுபடி சொல்லு" என்றார்.

(நான் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை. அது அவருக்குச் சொன்னது.)

முடிந்ததும் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "உப்பு போட்டியா?" என்று நேரடியாக என்னிடம் கேட்டார்.

6

கல்யாணம் நடந்தது. மேளம், கைகோத்த ஆட்டம், குலவை, எல்லாம் இருந்தன. ஜர்ஜீஸ் கனத்த உடம்போடு நாற்காலிகளுக்கு நடுவே பூனைபோல நடந்து படமெடுத்தார். மயாதா அழகாக இருந்தாள். இதையெல்லாம் விரித்து எழுதினால் கட்டுரையாகிவிடும்.

குடும்பப் படத்துக்குக் கூப்பிட்டார்கள். மேடையில் மணமக்கள், அவர்களுக்கு இடப்பக்கம் உம்மு ஹாரித். அவருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. அதில் அவருடைய கைப்பை. நான் இனிப்புத் தட்டோடு மேடைக்குக் கீழே நின்றேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. வராதே என்றும் யாரும் சொல்லவில்லை.

ஜர்ஜீஸ் கேமராவை உயர்த்தினார். இறக்கினார். "உம்மு ஹாரித், பை படத்துல விழுது" என்றார்.

அவர் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நாற்காலி காலியானது. அவர் நிமிர்ந்து நான் நின்ற பக்கம் பார்த்தார்.

இங்கிருந்து மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்றில், அவர் நாற்காலியைக் கையால் தட்டி என்னைக் கூப்பிடுகிறார்.

இன்னொன்றில், அது மகனுக்கென்று விட்ட இடம். படம் அந்தக் காலி நாற்காலியோடுதான் எடுக்கப்படுகிறது.

மூன்றாவதில், யாரும் கூப்பிடாமலே நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு மேடை ஏறுகிறேன். அவர்

பிறகு என்ன நடந்தது என்பது அந்த மண்டபத்தில் இருந்த இருநூறு பேருக்கும் தெரியும். இங்கே நான் சொல்லப் போவதில்லை. ஒரு குடும்பத்தின் படங்களில் எந்த முகம் இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்று ஒரு மத்தியானம் நான் ஒருத்தியே முடிவு செய்தேன். இன்னொரு முறை அதைச் செய்ய எனக்குக் கை வரவில்லை. நீங்கள் செய்யுங்கள். உம்மு ஹாரித் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஜர்ஜீஸ் கேமராவைக் கண்ணில் வைத்துவிட்டார். அவசரமில்லை. அவர் காத்திருக்கிறார்.