மெசெம்ப்ரியாவுக்கு ஒரு மாற்று ஆள்

1

மெசெம்ப்ரியா என்ற பெயரையே நான் பெர்சிஸ் சொல்லித்தான் கேட்டேன். திருவொற்றியூரில் எங்கள் கீழ்வீட்டுக்காரி. அவள் புருஷன் டென்னிஸ், கருங்கடலில், பல்கேரியாவின் அந்தப் பழைய ஊருக்கு எதிரே நங்கூரமிட்ட கப்பலில் மாட்டிக்கொண்டிருந்தான். அவளை விட்டுவிட்டு ஊரின் வரலாற்றை மட்டும் எழுதத்தான் உட்கார்ந்தேன்.

'இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன், மெகாராவிலிருந்து வந்த கிரேக்கர்கள் அந்தப் பாறை முனையில்...'

(நிறுத்திவிட்டேன். பெர்சிஸ் குறுக்கே வந்துவிட்டாள்.)

2

கப்பல் முதலாளி ஓடிவிட்டான். கப்பலுக்கு ஆள் பிடித்துக் கொடுத்த ஏஜென்ட், மற்றவர்களை ஊருக்கு அனுப்பிவிட்டு, காவலுக்கு ஒருவன் வேண்டுமென்று டென்னிஸை நிறுத்திக்கொண்டான். டென்னிஸின் பாஸ்போர்ட்டும் ஏஜென்ட்டிடம்தான். எட்டு மாதமாக டென்னிஸ் தனி ஆள். அவன் மனசு கலங்காமலிருக்க, எதிரே தெரியும் ஊரின் கதையை பெர்சிஸ் போனில் படித்துக் காட்டுவாள்.

"ரோமாக்காரன் புடிச்சான். அப்பால பல்கேரியா ராஜா க்ரூம் முற்றுகை போட்டுப் புடிச்சான்."

"அல்லாரும் உள்ள பூந்துகினானுங்க. எனக்குத்தான் எறங்க வழியில்ல."

(1366இல் சிலுவைப் போர்வீரர்கள்... வேண்டாம். அன்று டென்னிஸுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை.)

1453இல் ஊர் துருக்கியர் கைக்குப் போனதைப் படித்தபோது அவன் சொன்னான்: "போதும் பெர்சி. குதிச்சிருவேன் போல கீது."

3

மறுநாள் அவள் ராயபுரத்தில் ஏஜென்ட் முன்னால் நின்றாள்.

"மாத்து ஆளு குடும்மா. டென்னிஸ அனுப்பிர்றேன்."

முதல் வரைவில் பெர்சிஸ் அவனை அறைந்தாள். எழுதியபோது எனக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவள் அறையவில்லை. டோல்கேட் வெல்டிங் பட்டறையில் வேலை செய்யும் தௌசீஃபின் நம்பரைக் கொடுத்தாள். 'கப்பல்ல ஒரு வேலை இருந்தா சொல்லுக்கா' என்று அவளைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறவன். கப்பல் என்ன நிலையில் கிடக்கிறது என்பதை அவனிடம் அவளும் சொல்லவில்லை, ஏஜென்ட்டும் சொல்லவில்லை.*

* மெகாராவிலிருந்து குடியேறப் போனவர்களைப் பற்றி நிறையப் படித்தேன். 'நீ போ' என்று கைகாட்டியவர்களின் பெயர் எங்கும் அகப்படவில்லை.

4

தௌசீஃபின் அம்மா சபீஹா ஒரு டப்பா நிறைய சேமியாப் பாயசத்தோடு வந்தார். பெர்சிஸின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒன்னாலதாம்மா எம்புள்ளைக்கு விடிஞ்சிது. அங்க குளுரு ஜாஸ்தியா கீதாமே? ஸ்வெட்டர் வாங்கணுமா?"

இந்த இடத்தில் பெர்சிஸை உண்மை பேச வைக்க மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் வாயைத் திறந்தாள். மூன்று முறையும் டென்னிஸ் தண்ணீரில் குதித்தான்.

"ரெண்டா வாங்கிக்குடுங்க ஆன்ட்டி" என்றாள்.

5

டென்னிஸ் வந்துவிட்டான். கடைக்குப் போகிறான், சாப்பிடுகிறான். தனக்குப் பதில் போனது யார் என்று கேட்டான். சொன்னாள். அன்றிலிருந்து அவன் அவளோடு பேசுவதில்லை.

பெர்சிஸை மன்னித்து ஒரு வரி எழுதி முடித்திருக்கலாம். எனக்கு வரவில்லை. சபீஹா இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார். உங்களுக்கு அந்த வரி வந்தால், முதலில் அவரிடம் போய்ப் படித்துக் காட்டுங்கள்.